முதலில் கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியருக்கு,

இதயத்தில் உலோக வால்வு பொருத்திய நாள் முதல் என் மனைவி, ரத்தம் எளிதில் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவை நானே நோட்டில் குறித்து வைக்கிறேன். பலருக்கு 2 முதல் 3 வரை போதும்; அவளுக்கு 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்பது மருத்துவரின் கணக்கு.

சென்ற மாதம் மூட்டுவலிக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இபுபுரூஃபனை இரண்டு நாள் விழுங்கினாள். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்த பிரஷ் முழுக்கச் சிவப்பு. முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப் போயிருந்தது. இரண்டு மருந்தும் சேர்ந்ததால் வந்த ரத்தக்கசிவு. பதறிப்போனோம். அதற்காக வார்ஃபரினை நாமாக நிறுத்திவிடவும் முடியாது. வால்வில் உறையும் ரத்தக்கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

வலி மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர்களே, "ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று முதலில் கேளுங்கள். எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

– ஒரு வாசகர்