பிட்டோன் தெ நேஜ்: ஏற்றத்தைவிட இறக்கம் கவனம்

ஆசிரியர் அவர்களுக்கு,

இந்தியப் பெருங்கடலில் உள்ள நம் ரெயூனியன் தீவின் 3,070 மீட்டர் உயரமுள்ள பிட்டோன் தெ நேஜ் மலைக்கு ஒரே நாளில் கூட்டமாகப் போய்வருவோர் பெருகிவிட்டார்கள். சிலாவோஸ் ஊர் அருகே லெ புளோக் என்ற இடத்தில் தொடங்கினால் ஏறக்குறைய 1,700 மீட்டர் ஏற்றம். அதிகாலை மூன்று மணிக்கே நடையைத் தொடங்குங்கள். முற்பகலிலேயே மேகம் உச்சியை மூடிவிட்டால், எரிமலைப் பாறையில் பூசிய வெள்ளைக் குறிகள் கண்ணில் படாது. பலரும் வழி தவறுவது அங்கேதான்.

மெதுவாக நடப்பவரை முன்னே விடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பருத்திச் சட்டை வேண்டவே வேண்டாம்: வியர்வையில் ஊறியது உச்சிக் காற்றில் உடம்போடு ஒட்டி நடுக்கும். இங்கே குளிர்காலமான ஜூலையில் உச்சியில் உறைபனிகூட விழும். முழங்கால் போவதோ இறங்கும்போதுதான். ஊன்றுகோல் இரண்டு இருக்கட்டும்.

– ஒரு வாசகர், சென் லூயி, ரெயூனியன்