மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்

அன்புள்ள கலா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முழங்கால் வலி இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, அதைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. சின்னவளுக்கு வேலை மாறிவிட்டது. அந்தக் கதை தனிக் கடிதத்துக்கு. உன் மெசேஜ்களுக்கு நான் பதில் போடவில்லை என்று புகார் செய்ய இப்போது வார்டன் இல்லை என்பதால் நீ மன்னித்துத்தான் ஆக வேண்டும்.

போனில் போகிற போக்கில் ஒன்று சொன்னாய். விடுமுறைக்குப் போகிற இடத்தில் மாப்பிள்ளை குடும்பத்துக்கே குதிரைச் சவாரி ஏற்பாடு செய்திருக்கிறார், பேரனைத் தன் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு அவரே ஓட்டப் போகிறார் என்று. சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டாய். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் போயிற்று. போனில் சொன்னால் ‘ஆரம்பிச்சுட்டியா’ என்று வெட்டிவிடுவாய். கடிதத்தை அப்படி நடுவில் வெட்ட முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

போகாதே என்று சொல்ல மாட்டேன். நானே போய்வந்தவள். ‘நீயா, குதிரையா?’ என்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மொட்டை மாடி ஏணியில் நடந்ததை வைத்து என்னை எடை போடாதே. எடை என்றதும் ஞாபகம் வருகிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

லாயத்துக்குள் நுழைந்ததும் எங்களை வரவேற்றது குதிரை இல்லை, எடை மெஷின். ஒவ்வொருவராக ஏறி நிற்கச் சொன்னார்கள். “நான் என்ன மூட்டையா?” என்று இவர் எகிறினார். குதிரைக்காரர் அசரவில்லை. ஒரு குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரைதான் முதுகில் சுமக்கலாம் என்பது பல இடங்களில் வைத்திருக்கிற கணக்காம். 450 கிலோ குதிரை என்றால் 90 கிலோ. அந்த 90-இல் சேணமும் சேர்த்தி. சேணமும் மற்ற சாமான்களும் 15 கிலோ என்று வை, ஆளுக்கு மிஞ்சுவது 75. இவர் எடையை இங்கே எழுதினால் எனக்கு வீட்டில் இடமில்லை. இவரைத் தாங்கக்கூடிய பெரிய குதிரை ஒன்று அங்கே இருந்தது. ஆனால் அன்று அதற்கு ஓய்வு. இவர் விடவில்லை, “வேண்டுமானால் கூடப் பணம் தருகிறேன்” என்றார். “அது குதிரைக்குத் தெரியாதே சார்” என்றார் அந்த மனிதர். அப்புறம் இவர் வேலியோரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சவாரி முடியும் வரை எங்கள் எல்லோரையும் முறைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் அந்த நேரத்தில் எரிச்சல்தான். ஆனால் திரும்பி வந்த பிறகு யோசிக்க யோசிக்க, அந்த எடை மெஷின்தான் அந்த இடத்தைப் பற்றி எனக்கு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது என்று படுகிறது. ஏறுமுன் உன்னை யார் அதிகம் குடைகிறார்களோ அவர்களை நம்பி ஏறலாம். என்ன எடை, என்ன உயரம், இதற்கு முன் ஏறியிருக்கிறாயா, முதுகில் கழுத்தில் ஏதாவது பிரச்சினையா, எலும்புத் தேய்மானமா, என்ன மருந்து, காலில் என்ன செருப்பு என்று என்னைக் கேட்டுத் துளைத்துவிட்டார்கள். ‘வாங்க, ஏறுங்க’ என்று முடித்துவிடுகிற இடத்தில் உனக்குப் பொருத்தமான குதிரையை அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? மாப்பிள்ளை பதிவு செய்தபோது அவர்கள் என்ன கேட்டார்கள்? பெயரும் பணமும் மட்டும்தான் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை, கலா.

இப்போது பேரன் விஷயம். இங்கே நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு பெரியவர் ஓட்டுவது போட்டோவுக்கு அழகாக இருக்கும். ஆனால் சேணம் என்பது ஓர் ஆளுக்கென்று அளந்து செய்தது. முன்னால் உட்காருகிற குழந்தைக்குக் கால் வைக்க அங்கவடி கிடையாது, உட்கார ஒழுங்கான இடமும் கிடையாது. மாப்பிள்ளைக்கு ஒரு கை குழந்தையைப் பிடிப்பதற்கே போய்விடும். குதிரை திடீரென்று பக்கவாட்டில் ஒரு தாவு தாவினால், அதற்கு ஒரு பிளாஸ்டிக் பை பறந்தாலே போதும், இரண்டு பேரும் சேர்ந்து விழுவார்கள். கீழே குழந்தை, மேலே மாப்பிள்ளை. இதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. எழுதாமல் இருந்தால் நீ விடுமுறை முடிந்து வரும்வரை எனக்கு நிம்மதி இருக்காது.

அவனுக்கென்று தனிக் குட்டைக் குதிரை கேள். வேலி போட்ட இடத்துக்குள்ளேயே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்துவர, இரண்டு மூன்று சுற்று. அந்த வயசுக்கு அதுவே பெரிய ராஜாங்கம். பாதை வழியாகப் போகிற சவாரிக்குப் பல இடங்களில் குறைந்தபட்ச வயது வைத்திருக்கிறார்கள். வயதை விடு, கால் அங்கவடியை எட்ட வேண்டும், சொன்னதைக் கேட்கிற பக்குவம் வேண்டும். உன் பேரனுக்கு முதலாவதும் இல்லை, இரண்டாவது அவன் தாத்தாவுக்கே இல்லை.

ஹெல்மெட்டைப் பற்றியும் கேட்டுவிடு. குதிரைச் சவாரிக்கென்றே தரச்சான்று பெற்ற ஹெல்மெட் தனியாக உண்டு. பின்மண்டையைக் கீழே வரை மூடும். சைக்கிள் ஹெல்மெட் அந்த அளவுக்கு மூடாது. குழந்தை அளவில் இருக்கிறதா என்பதுதான் முக்கியமான கேள்வி. பெரியவர்களுடையதை மாட்டிவிட்டுப் பட்டையை இறுக்கினால் அது கண்ணை மறைத்துக்கொண்டு ஆடும், அவ்வளவுதான்.

சரி, பயமுறுத்தியது போதும். நல்லதையும் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த குதிரையின் நிஜப் பெயர் எனக்கு நினைவில்லை, எல்லோரும் அதைப் ‘பாட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். வயதான வெள்ளைக் குதிரை. புதியவர்களுக்கு அப்படித்தான் தருவார்களாம், உலகத்தைப் பார்த்துச் சலித்துப்போன குதிரையாக. ஒரு பாட்டி மேல் இன்னொரு பாட்டி என்று என் மகள் அடித்த ஜோக்கை நீயும் அடிக்கும் முன் நானே எழுதிவிட்டேன். பின்பக்கமாகப் போகாதீர்கள் என்று முதலிலேயே எச்சரித்தார்கள். குதிரைக்குக் கண்கள் முகத்தின் இரு பக்கமும் இருப்பதால் தலையைத் திருப்பாமலே கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்த்துவிடும். தெரியாத இடங்கள் நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சமும்தான். அதனால் தோள் பக்கமாகப் போய், பேசிக்கொண்டே கழுத்தைத் தடவ வேண்டும். நான் அப்படிப் போனபோது பாட்டி ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பினாள். மற்றக் காது குதிரைக்காரரிடமே இருந்தது. காதைப் பார்த்தாலே மனசு தெரியும் என்றார் அவர். காது முன்னால் நிமிர்ந்தால் எதையோ கவனிக்கிறது. இரண்டு காதும் பின்னால் கழுத்தோடு ஒட்டிப் படுத்துவிட்டால் கோபம், நாம் தள்ளி நிற்பது நல்லது.

முன்னால் போன ஒரு குதிரையின் வாலில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். அலங்காரமாக்கும் என்று ரசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் வருகிற குதிரையை உதைக்கும் பழக்கம் உள்ளதற்குக் கட்டுகிற அடையாளமாம் அது! குதிரைக்குக் குதிரை, ஒரு குதிரை நீளமாவது இடைவெளி விட வேண்டும். உன் குதிரையின் இரண்டு காதுகளுக்கு நடுவே பார்த்தால் முன்னால் போவதன் பின்னங்குளம்பு தெரிய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அது எனக்குச் சுலபமாகப் பிடிபட்டது.

ஏறுவதற்கு ஒரு படிக்கட்டு வைத்திருந்தார்கள். என் முழங்காலுக்காக என்று நினைத்து நன்றி சொன்னேன். குதிரையின் முதுகுக்காகவாம். தரையிலிருந்து தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுத்து அதற்கு வலிக்கும். கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் எல்லோரையும் நிறுத்தி, சேணத்தின் வயிற்று வாரை மறுபடி ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார் கைடு. என்னுடையதில் இன்னும் இரண்டு துளை உள்ளே போயிற்று. வார் கட்டும்போது வயிற்றை உப்பிக்கொண்டு நிற்கிற குதிரைகள் உண்டாம். போட்டோ எடுக்கும்போது நாம் செய்வதற்கு நேர்மாறு. உங்களுக்கு அப்படி யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை என்றால் நீயே வாயைத் திறந்து கேள், கூச்சப்படாதே. வார் தளர்ந்திருந்தால் சேணம் ஆளோடு சேர்ந்து சுழன்றுவிடும்.

காலில் ஷூ போடு, லேசான குதிகால் உயரம் உள்ளதாக. பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் இருக்க வேண்டும், குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். தட்டையான செருப்பு என்றால் கால் முழுசாக உள்ளே வழுக்கிப் போய்ச் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை ஓட, நாம் பின்னாலேயே இழுபட வேண்டியதுதான். அதே காரணத்துக்காகக் கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிட்டுப் போ. முழுக்கால் பேன்ட் போட்டுக்கொள். போட்டோ எடுக்கிறேன் என்று செல்போனைக் கையில் வைத்துக்கொள்ளாதே. உன்னைத் தெரியும், அதனால் சொல்கிறேன்.

ஏற்றத்தில் கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், இறக்கத்தில் நிமிர்ந்து லேசாகப் பின்னால். முதல் இறக்கத்தில் எனக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. கத்தக் கூடாது என்று சொல்லியிருந்ததால் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே கத்தினேன். பாட்டி ஒவ்வொரு காலாகப் பார்த்துப் பார்த்து வைத்து இறங்கினாள். நாம் பயந்து முழங்காலால் இறுக்கினால் அது வேகமாகப் போகச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். தொடையைத் தளரவிட்டு மூச்சை விட்டேன். அப்புறம்தான் அதன் நடை எனக்குப் புரிந்தது. இடுப்பு தானாக முன்னும் பின்னும் போகிறது, நாம் எதுவும் செய்ய வேண்டாம். எத்தனையோ வருஷமாக நான் அப்படி எதுவும் செய்யாமல் இருந்ததில்லை, கலா. பின்னால் கைடு ஒருவர் வந்துகொண்டிருந்தார், முன்னால் ஒருவர். யாரும் பேசவில்லை. லாடம் கல்லில் படுகிற சத்தம், அப்புறம் பாட்டியின் மூச்சு.

வழியில் புல்லைக் கண்டதும் தலையைக் குனிந்து என்னைக் கிட்டத்தட்டக் கழுத்து வழியாக இறக்கிவிடப் பார்த்தாள், அது வேறு. ஒரு தடவை விட்டால் பழகிக்கொள்ளும், உடனே தலையைத் தூக்கிவிட வேண்டும் என்றார்கள். நான் தூக்கினேன் என்று எழுத ஆசைதான். பாட்டி முடித்துவிட்டுத்தான் தூக்கினாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதுவும் நடைதான், ஓட்டம் கேட்காதீர்கள். மகள் ஆசைப்பட்டாள் என்று கொஞ்ச தூரம் ட்ராட் விட்டார்கள். முன்கால் ஒன்றும் எதிர்ப்பக்கத்துப் பின்கால் ஒன்றுமாக ஜோடி ஜோடியாக வைத்துத் துள்ளுகிற ஓட்டம் அது. பழகியவர்கள் அந்தத் தாளத்துக்கு எழுந்து எழுந்து உட்காருவார்கள். மகள் உட்கார்ந்தபடியே இருந்ததால் பல் எல்லாம் கடகடவென்றது, திரும்பி வந்தவள் சாயங்காலம் முழுக்க நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு மறுநாள் உள்தொடை இரண்டும் என்னுடையது இல்லை. இறங்கும்போது இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு இறங்கு, தரையில் கால் பட்டதும் ஒரு நிமிஷம் சேணத்தைப் பிடித்துக்கொண்டு நில். முட்டி மடங்கும்.

இன்னொன்று, உன் மனசுக்குத் தெரிந்தால் போதும் என்று எழுதுகிறேன். ஏறுமுன் குதிரையைப் பார். விலா எலும்பு எண்ணும்படி இருக்கிறதா? சேணம் படுகிற இடத்தில், வார் அழுத்துகிற இடத்தில் புண் இருக்கிறதா? குளம்பு வெடித்திருக்கிறதா, நொண்டுகிறதா? நிழலும் தண்ணீரும் எட்டுகிற இடத்தில் நிற்கிறதா, காலையிலிருந்து இறங்குகிற ஆளை இறக்கி ஏறுகிற ஆளை ஏற்றிக்கொண்டே இருக்கிறதா? புண்ணின் மேலேயே துணியைப் போட்டு மூடிச் சேணம் கட்டிய குதிரையை வேறொரு இடத்தில் பார்த்திருக்கிறேன், அங்கே ஏறவில்லை. அப்படி இருந்தால் கட்டின பணம் போனால் போகிறது என்று திரும்பிவிடு. மாப்பிள்ளை முகம் சுருங்கும், சுருங்கட்டும். தன் குதிரையையே கவனிக்காதவன் உன் பேரனைக் கவனிப்பான் என்று எந்த தைரியத்தில் நம்புவது?

உன் இடுப்பு வலியை மறைக்காமல் அவர்களிடம் சொல். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டே போ. அவர் வேண்டாம் என்றால் நீயும் வேலியோரப் பெஞ்சில் உட்காரலாம், பேரன் சுற்றி வருகிறபோது கையாட்ட ஒரு ஆள் வேண்டுமல்லவா.

சின்னவள் கூப்பிடுகிறாள், நிறுத்துகிறேன். மாப்பிள்ளையிடம் இன்றைக்கே கேட்கச் சொல்: தனிக் குட்டைக் குதிரை உண்டா, குழந்தை அளவு ஹெல்மெட் உண்டா, எடைக்கு வரம்பு என்ன. வரம்பெல்லாம் ஒன்றும் இல்லை, யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்று சொன்னார்கள் என்றால் எனக்கு உடனே போன் பண்ணு. அவரோடு நானே பேசுகிறேன்.

அன்புடன்,
சரசு