கம்பளத்தைப் புரட்டிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் கம்பளக் கட்டுரை, பூவேலைப்பாட்டைப் பார்த்தே அது ஈரானா இந்தியாவா என்று சொல்லிவிடலாம் என்கிறது. முடியாது. ஈரானிய ஊர்களான காஷானின் நடுப்பதக்க வடிவமும் தப்ரீஸின் ‘ஹெராத்தி’ என்னும் பூ-இலை வேலைப்பாடும் உத்தரப் பிரதேசத்துப் பதோஹித் தறிகளில் ஏறி வெகுகாலமாகிறது. காஷ்மீரிலும் ஈரானிய வடிவங்களைத்தான் ‘தாலிம்’ பார்த்து நெய்கிறார்கள். எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதை வரிவரியாகக் குறியீட்டில் எழுதிய தாள் அது.

ஊரை ஊகிக்க முதலில் முடிச்சைப் பார்க்க வேண்டும். கம்பளத்தை முடிச்சு வரிசையோடு மடித்து மயிரை (மேலே நிற்கும் நூல் நுனிகளை) விலக்குங்கள். அடியில் இரண்டு பாவு இழைகளுக்கும் (நீளவாட்டு நூல்களுக்கும்) குறுக்கே ஒரு பட்டை தெரிந்தால் அது தப்ரீஸ் பக்கத்து முடிச்சு. அங்கே கொக்கிக் கத்தியால் போடுவார்கள். காஷான், கெர்மான், பதோஹியில் நூல் ஓர் இழையை மட்டும் சுற்றி, அடுத்ததன் அடியில் நுழைந்து வெளிவரும்; ஆகவே இந்த முடிச்சு மட்டும் ஈரானா இந்தியாவா என்று சொல்லிவிடாது. ஈரானின் ஹமதான் கிராமக் கம்பளத்தில் ஒரு முடிச்சு வரிசைக்கு ஓர் ஊடைதான் (குறுக்கு நூல்). முதுகில் ஊடை நூல் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும்.

அடர்த்தியைப் பதோஹியில் ‘9/60’ என்பதுபோலச் சொல்வார்கள். 0.9 அங்குல அகலத்தில் 9 முடிச்சு, 4.5 அங்குல நீளத்தில் 60. சதுர அங்குலத்துக்குச் சுமார் 133. லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள ஈரானிய அர்தபில் கம்பளத்தில் (ஹிஜ்ரி 946, அதாவது கி.பி. 1539-40) இது 340ஐ ஒட்டி வரும். ஆனால் எண்ணை மட்டும் நம்பினால் ‘ஜுஃப்தி’யில் ஏமாறுவோம். இரண்டு இழைக்குப் பதில் நான்கு இழையைச் சேர்த்து முடிச்சிடுவது அது. வேலை பாதி, கம்பளியும் பாதி. நடமாட்டமுள்ள இடத்தில் மயிர் சீக்கிரம் தேய்ந்து பாவு எட்டிப்பார்க்கும்.

முதுகில் துணி ஒட்டியிருந்தால் அது முடிச்சே இல்லை, துப்பாக்கிபோன்ற கருவியால் குத்திய ‘டஃப்டட்’. உள்ளே இருக்கும் ரப்பர் பசை சில ஆண்டுகளில் காய்ந்து பொடியாக உதிரும். குஞ்சத்தையும் இழுத்துப் பாருங்கள். பாவின் நீட்சியாக இல்லாமல் தைத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம்.

குறியீடுகள் பற்றி ஒரு வார்த்தை. தொழுகைக் கம்பளத்தின் வளைவு மிஹ்ராப், அதாவது மசூதியில் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம். சஹார்பாக் கம்பளத்தில் நீர்க்கால்கள் தோட்டத்தை நான்காகப் பிரிக்கும், சிலவற்றில் அந்த நீரில் மீன்கூட நீந்தும். இவற்றில் ஐயமில்லை. ஆனால் மாங்காய் வடிவான ‘போத்தே’யை ஒரு கடைக்காரர் சுடர் என்பார், அடுத்தவர் சைப்ரஸ் மரம் என்பார், இன்னொருவர் பாதாம் என்பார். கட்டுரை இவற்றில் ஒன்றை மட்டும் தீர்ப்பாகச் சொன்னது சரியில்லை. அந்தக் கதைக்கென்று விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றிக் கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்