துவரை அங்கே, ஆலை இங்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் விளைபொருளை அங்கேயே பதப்படுத்தி வேலைவாய்ப்பைப் பெருக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை குறித்து, கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதியில் மாங்கூழ், புளி, பருப்புத் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் எழுதுகிறோம். பெரிய ஆலை, நவீன இயந்திரம், ஏற்றுமதி என்றே கட்டுரை போகிறது. எங்களுக்குத் தெரிந்தவரை ஆட்களுக்கு அதிகம் வேலை கிடைப்பது அதற்கு முந்தைய கட்டத்தில்: காயவைத்து, சலித்து, தரம் பிரித்து, உடைக்கிற இடத்தில்.

துவரையை எடுத்துக்கொள்ளலாம். 2015 கடைசியில் இங்கே துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. 2016-இல் இந்தியா மொசாம்பிக்குடன் துவரை வாங்க ஒப்பந்தம் போட்டது. 2021-22 முதல் ஐந்தாண்டுக்கு மொசாம்பிக்கிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சம் டன், மலாவியிலிருந்து 50 ஆயிரம் டன் என்று ஏற்பாடானது. ஆனால் கப்பலில் வருவது பெரும்பாலும் முழுத் துவரை. உடைக்கிற கூலியும் இங்கே, மாட்டுக்குப் போகும் பொட்டும் நொய்யும் இங்கே.

உடைப்பது பார்க்க எளிது. ஆனால் துவரையின் தோல் கொண்டைக்கடலை போல லேசில் கழலாது. தோலுக்கும் பருப்புக்கும் நடுவே ஒரு பசை உண்டு. முதலில் சல்லடையில் பருமன்வாரியாகப் பிரிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பெரிய மணி உருளையில் தேய்ந்து மாவாகும், சின்ன மணி தோலோடு தப்பி வரும். அடுத்து எமரி (சாணைக்கல் போலச் சொரசொரப்பான கல்) பூசிய உருளையில் ஒரு ஓட்டு விட்டுத் தோலில் கீறல் போட்டு, 100 கிலோவுக்கு அரை கிலோ அளவில் எண்ணெய் புரட்டி, இரவெல்லாம் குவித்து மூடி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்த வேண்டும். பிறகு மாலையில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் குவித்து, மறுநாள் உருளைக்கு. ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டினால் தோல் ஒட்டிக்கொண்டே வரும். 100 கிலோவுக்கு 70 முதல் 75 கிலோ பருப்பு தேறினால் நல்ல ஓட்டம். களம் சரியில்லாத ஆலையில் 65-க்கு இறங்கிவிடும். லாப நட்டம் அந்தப் பத்துக் கிலோவில்தான். உருளைக்கு ஓரிருவர் போதும். களத்தில் பரப்பவும் கிளறவும் அள்ளவும்தான் ஆள் வேண்டும்.

இந்த வேலையை மொசாம்பிக், மலாவியிலேயே செய்யலாம். அங்கே துவரை அறுவடை ஆகஸ்டை ஒட்டி. மழை நவம்பரில்தான் பிடிக்கும் என்பதால் களத்துக்கு வெயில் தாராளம். முழு மணியில் முட்டையிட்டுத் துளைக்கும் வண்டும் உடைத்த பருப்பை அவ்வளவாக அண்டாது. மலாவிக்குக் கடல் கிடையாது; துறைமுகம் வரை லாரி வாடகை கொடுத்துத் தோலையும் தூசியையும் ஏற்றுவானேன்? அங்கேயே உடைத்தால் நம் ஆலைகளுக்கு வரத்து குறையும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் வாங்குகிறவர் ஒரே நாடாக இருக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு வைத்ததும் மொசாம்பிக்கில் விலை சரிந்தது. விலை ஏறியதைப் பார்த்து விதைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

நிலக்கடலையில் சிக்கல் வேறு. மலாவியில் கையால் உடைக்க விரல் வலிக்கிறது என்று காய்க்குத் தண்ணீர் தெளித்து ஊறவைக்கும் பழக்கம் உண்டு. பூஞ்சை பிடிக்க அது போதும். கடைசி மழை பொய்த்த வருடம் வயலிலேயே பிடித்துவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நேரடியாகச் சாப்பிடும் கடலையில் அந்தப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சான அஃப்ளடாக்சின் மொத்தம் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்கு ஆய்வகத்தைவிட முதலில் வேண்டியது கையால் ஆட்டும் உடைப்பு மெஷின். அது நன்றாகக் காய்ந்த காயைத்தான் உடைக்கும், ஈரக்காயை நசுக்கிவிடும். ஆகவே தண்ணீர் தெளிக்கும் பழக்கம் தானாக நின்றுவிடும். ஈரம் 8 சதவீதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, காயைக் காதோரம் ஆட்டினால் உள்ளே பருப்பு கலகலக்கிறதா என்று கேட்டாலே ஓரளவு தெரியும்.

மாங்கூழ் ஆலையோடு மட்டும் தொடங்க வேண்டாம். இங்கே கூழுக்குப் போகும் தோத்தாபுரி மாம்பழம் மே கடைசியில் தொடங்கி ஜூலையோடு முடிகிறது. மீதி மாதமெல்லாம் ஆலைக்குப் பூட்டு. வட்டிக்குப் பூட்டு இல்லை. 2025 பருவத்தில் முந்தைய கூழ் தேங்கிக் கிடக்க, பழம் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்ததை வாசகர்கள் அறிவார்கள். கூழைக் கிருமி புகாமல் 215 கிலோ பையில் நிரப்பும் முறைக்கு மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். நடுவில் போனால் குழாய் முழுவதையும் மறுபடி கிருமிநீக்கம் செய்த பிறகே தொடர முடியும். 2024 வறட்சியில், மின்சாரம் தரும் கரிபா அணை வற்றி ஜாம்பியாவில் நாளின் பெரும்பகுதி மின்வெட்டு. கூழ்தான் வேண்டும் என்றால் விறகுக் கொதிகலனும் 3.1 கிலோ டின்னும் போதும். கூழில் புளிப்பு இருப்பதால் மூடிய டின்னைக் கொதிநீரில் வேகவைத்தாலே கெடாது. அதைவிட ஊறுகாய் நல்லது. தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் மாங்காயில் கணிசமான பங்கு அத்சார் ஊறுகாய்க்குத்தான் போகிறது. நறுக்கி உப்பிலிட்டுப் பீப்பாயில் போட்டுவிட்டால் மாதக்கணக்கில் வேலை இருக்கும், வாங்குகிறவர்களும் உள்ளூரிலேயே.

புளியும் அப்படித்தான். மலாவியிலும் ஜாம்பியாவிலும் புளியமரம் தானாக வளர்ந்து நிற்கிறது. 100 கிலோ காயில் சதை 55, கொட்டை 34, ஓடும் நாரும் 11 கிலோ. ஓடு உடைத்து, நார் உருவி, சிறு சுத்தியலால் தட்டிக் கொட்டை எடுப்பது முழுக்கக் கைவேலை, பெண்கள் வீட்டிலிருந்தே செய்வது. கொட்டையும் வீணில்லை, அரைத்த மாவு நூலுக்குக் கஞ்சி போட ஆகும். காற்றில் ஈரம் ஏறினால் புளி கறுத்துவிடும், நிறம் போனால் விலையும் போச்சு. குளிர்கிடங்கு தேவைப்படுவது புளிக்குத்தான்.

பயிற்சிக்கென்று அந்நாட்டவரை அழைப்பவர்கள் ஜூனில் கூழ் ஆலையைச் சுற்றிக்காட்டி அனுப்பாமல், புளியும் பருப்புக் களமும் ஓடும் பிப்ரவரி, மார்ச்சில் அழைக்கலாம். எமரி உருளை தேய்ந்தால் எமரித் தூளையும் மேக்னசைட் என்ற கனிமத் தூளையும் குழைத்து மறுபடி பூச வேண்டும். அதை ஊருக்கு இரண்டு பேராவது கையால் செய்து பழகிப் போகட்டும். இல்லாவிட்டால் உருளை கடல் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் அங்கே ஒரு பருவம் முடிந்துவிடும்.

இப்படிக்கு,
மாங்கூழ், புளி, பருப்புத் தொழில் செய்வோர்,
கிருஷ்ணகிரி.