கான்பெராவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம்; நலமறிய அவா. உங்கள் கடிதம் வந்து மூன்று வாரங்களாகியும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நூலகத்தைத் தவிர வேறெங்காவது போகிறேனா என்று கேட்டிருந்தீர்கள். சென்ற வாரம் எங்கள் ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் கே. ஆர். நாராயணன் பெயரில் நடக்கும் சொற்பொழிவைக் கேட்கப் போயிருந்தேன்.

அவர் குடியரசுத் துணைத்தலைவராக இருந்த 1994ஆம் ஆண்டில் தொடங்கிய தொடர் இது. இந்தியப் பொருளாதாரத்தை உள்ளிருந்து அறிந்தவர்களை அழைத்துப் பேசவைக்கிறார்கள். அவரே ஒரு காலத்தில் தூதரக அதிகாரியாகக் கான்பெராவில் பணியாற்றியவர்தான். சிறுவயதில் நாள்தோறும் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குப் போனதையும், கட்டணம் கட்ட முடியாதபோது வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்டதையும் அறிமுகவுரையில் சொன்னார்கள். உங்கள் வகுப்பில் அப்படி எவரையும் நீங்கள் நிற்கவிட்டதில்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவரும் வந்திருந்தார். கடுங்குளிரிலும் அரைக்கால்சட்டையோடு ரோஜாச் செடிகளிடம் பேசிக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தேனே, அவரேதான். சரக்கு சேவை வரியை நம் நாட்டுக்குப் பரிந்துரைத்த பொருளியலறிஞர் விஜய் கேல்கர் 2004இல் இதே தொடரில் ஆற்றிய உரையைக் கேட்டு எடுத்த குறிப்புகளை, ஓரம் மடங்கிப் பழுத்துப்போன நோட்டோடு கொண்டுவந்திருந்தார். இங்கே சரக்கு சேவை வரி 2000 ஜூலை 1 முதல் 10 சதவீதம் என்று ஒரே விகிதத்தில் நடக்கிறது. நம் நாட்டில் 2017 ஜூலை 1 அன்று வந்தபோது ஏன் இத்தனை விகிதங்கள் என்று கேட்டார். இங்கே மத்திய அரசே வசூலித்து மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. அண்ணன் கடை பில்லிலோ மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியாக நிற்கின்றன. மாநிலங்கள் தம் வரி உரிமையை எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடியவை அல்ல என்பதை அந்த பில்லைக் கொண்டே விளக்கினேன். அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். மேடைப் பேச்சைவிட இந்த அரைமணி நேரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பிறகு நாராயணன் பிறந்த ஊரின் பெயரைச் சரியாகச் சொல்லித்தரச் சொன்னார். "உழவூர்" என்றேன். நாக்கை மடித்து நான்கைந்து முறை முயன்று, கடைசியில் ழகரத்தைப் பிடித்துவிட்டார். அந்த ஒலியை வேறொருவர் வாயிலிருந்து நேரில் கேட்டுப் பல வாரங்களாகியிருந்தன, அப்பா. தங்கையைப் பெயர் சொல்லி அம்மா அழைக்கும் குரல் காதில் விழுந்தது போலிருந்தது. குளிர்காற்றில் கண் கலங்குகிறது என்று அவரிடம் சொன்னேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மாலையில் ஒரு வேலைக்கும் போகிறேன், பொழுதுபோக்காகத்தான். இம்மாதப் பணம் சற்றுத் தாமதமாக வரும், கவலைப்பட ஒன்றுமில்லை. தங்கைக்கு வந்த வரனின் வீட்டார் தையிலேயே நிச்சயம் வைக்கச் சொன்னால் சம்மதித்துவிடுங்கள். எனக்காகத் தள்ளிப்போட வேண்டாம். சித்தப்பா கேட்டபடி கிணற்றுப் பங்கைப் பத்திரத்தில் எழுதிவிட்டீர்களா? கையெழுத்துப் போடும் முன் அண்ணனை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அன்பு மகன்