வாடகை சேர்ந்து வரட்டும், கணக்கு பிரிந்தே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் மூன்று போர்ஷன் உள்ள வீடு, பெரம்பூரில் ஒரு பிளாட், மண்ணடியில் என் தங்கைக்கும் எனக்கும் பொதுவான ஒரு கடை என அப்பா விட்டுச்சென்ற இடங்களின் வாடகை வசூலை, வயதாகிவிட்டதால் ஒரு பராமரிப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கிறேன். ஐந்து பேர் தரும் வாடகையையும் ஒரே தொகையாக்கி, பத்தாம் தேதிக்குள் என் வங்கிக் கணக்கில் போட்டுவிடுகிறார்கள். மாடிப்படி ஏறி இறங்கி வசூலித்த எனக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்தத் தொகையோடு வரும் சீட்டில் "செலவு போக வாடகை" என்ற ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

சென்ற மாதம் ரூ.48,500 வர வேண்டிய இடத்தில் ரூ.37,275 வந்தது. கீழ் போர்ஷன்காரர்தான் பாக்கி வைத்திருப்பார் என்று நானாக நினைத்துக் கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் செல்போனை எடுத்து, இரண்டாம் தேதியே ஜிபேயில் அனுப்பியிருந்ததைக் காட்டினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நிறுவனத்துக்கு இருமுறை நேரில் போன பிறகே, மாடி போர்ஷனிலிருந்து ரூ.7,000 வரவில்லை, வந்ததில் ஐந்து சதவீதமான ரூ.2,075 கமிஷன், ரூ.2,150 பெரம்பூரில் குழாய் மாற்றிய பிளம்பருக்குப் போனது என்று விவரம் கிடைத்தது.

வருமான வரிக் கணக்கில் இந்த "செலவு போக" என்ற தொகை உதவாது. வாடகையை முழுமையாகக் காட்டி, அந்த ஆண்டில் உரிமையாளர் உண்மையிலேயே கட்டிய சொத்துவரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பொதுக் கழிவாக எடுக்கலாம் என்பதே விதி. பிளம்பர் கூலியும் கமிஷனும் அந்த 30 சதவீதத்துக்குள் அடங்கியவை என்பதால் அவற்றைத் தனியாகக் கழிக்க முடியாது. இதையெல்லாம் ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியே காட்ட வேண்டும்; மாநகராட்சியும் அரையாண்டுச் சொத்துவரியை ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி எண்ணில்தான் வாங்குகிறது. வங்கியில் வரவான தொகையையே வருமானம் என்று எழுதுபவர், தன்னை அறியாமலே குறைத்துக் காட்டியவர் ஆகிவிடுகிறார்.

கடை விஷயம் இன்னும் சங்கடமானது. அதன் வாடகை ரூ.12,000இல் பாதி என் தங்கையின் வருமானம். அதை அவர்தான் தன் கணக்கில் காட்ட வேண்டும். முழுத்தொகையும் என் பெயரில் வந்து விழுந்தால், அண்ணன் தங்கைக்குள் இல்லாத சந்தேகமும் முளைக்கும். பெரம்பூரில் குடியிருப்பவரோ வீட்டு வாடகைப் படிக்காக அலுவலகத்தில் காட்ட ரசீது கேட்கிறார். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டுவதால் என் பான் எண்ணையும் தர வேண்டியிருக்கிறது. எந்த மாதம் எவ்வளவு கட்டினார் என்பதே தெரியாமல் எதை வைத்துக் கையெழுத்திடுவது?

அப்பாவின் நீள நோட்டில் ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு பக்கம் இருந்தது: தேதி, தொகை, பாக்கி, கையெழுத்து. அவர் எட்டாவதைத் தாண்டாதவர். நான் கேட்பதும் அவ்வளவுதான். பணம் ஒன்றாகவே வரட்டும். உடன் வரும் அறிக்கையில் இடம் வாரியாக முழு வாடகை, பாக்கி, கமிஷன், பழுதுச் செலவு, பங்குதாரர் இருந்தால் அவரவர் பங்கு ஆகியவை தனித்தனி வரியில் இருந்து, கடைசிக் கூட்டல் வங்கி வரவோடு ஒத்துப்போக வேண்டும். மாதாமாதம் கமிஷன் பெறும் நிறுவனங்கள் எல்லாமே இதைத் தரக் கடமைப்பட்டவை.

"எங்கள் சாப்ட்வேரில் அப்படி வராது சார்" என்பதே இதுவரை எனக்குக் கிடைத்த பதில். அதனால் கடை வாடகையை மட்டுமாவது இனி தங்கையின் கணக்குக்கும் என் கணக்குக்கும் பாதிப் பாதியாக நேரே அனுப்பிவிடும்படி கடைக்காரரிடமே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21