ப்ளூஸ் கேட்போர் வட்டம்: 2025ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வட்டத்தின் உறுப்பினர்களே, வணக்கம். 2025ஆம் ஆண்டுக்கான செயலறிக்கையை உங்கள் முன் வாசிக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு விதி செய்தோம். மாதம் ஒரு உறுப்பினர் தனக்கு உயிரான ஒரு கிட்டார் கலைஞரையும் அவருடைய ஒரே ஓர் ஆல்பத்தையும் கொண்டுவர வேண்டும். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை நடுவில் பேசாமல் கேட்க வேண்டும். பேச்சு அப்புறம்தான். அரைப் பாட்டு, கால் பாட்டு என்று கைப்பேசியில் கேட்டே பழகிவிட்ட நமக்கு முதல் இரண்டு மாதம் இது சிரமமாக இருந்தது. ஆனாலும் பதினோரு கூட்டங்கள் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் நின்றுபோனது. வட்டம் தொடங்கியதிலிருந்து இவ்வளவு ஒழுங்காக ஓர் ஆண்டு நடந்ததில்லை என்பதை மகிழ்ச்சியோடு பதிவு செய்கிறேன்.

ஜனவரியில் நம் பொருளாளர் கொண்டுவந்தது, ஆங்கிலேயரான ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் வாசித்து 1966இல் வெளிவந்த 'ப்ளூஸ் பிரேக்கர்ஸ்'. "நானும் இதைத்தான் எழுதி வைத்திருந்தேன்" என்று மூன்று பேர் சொன்னார்கள். அதில் வியப்பில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸுக்குள் நம்மில் பலர் நுழைந்த வாசல் லண்டனில்தான் இருந்தது. அன்று யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. அந்த ஆல்பத்தில் உள்ள 'ஹைட் அவே' ஃப்ரெடி கிங்குடையது. 'ஆல் யுவர் லவ்' ஓட்டிஸ் ரஷ்ஷுடையது. கிளாப்டனே பாடும் 'ராம்ப்ளிங் ஆன் மை மைண்ட்' ராபர்ட் ஜான்சனுடையது. அந்த மூன்று பெயர்களையும் பலகையில் எழுதிவைத்தோம். அடுத்த மூன்று மாதக் கூட்டங்களும் அந்தப் பலகையிலிருந்தே பிறந்தன. நாம் பின்னோக்கி நடக்கத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

ஃப்ரெடி கிங் பிப்ரவரியில். கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டிக் நகமும் ஆள்காட்டி விரலில் ஓர் உலோக நகமும் மாட்டிக்கொண்டு வாசித்தவர். 42 வயதில், 1976இல் மறைந்தார். மார்ச்சில் ஓட்டிஸ் ரஷ்ஷின் 'ரைட் பிளேஸ், ராங் டைம்'. சரியான இடம், தப்பான நேரம் என்ற அந்தப் பெயரே அதன் வரலாறாகவும் ஆகிவிட்டது: 1971இல் பதிவான ஆல்பம் கிடப்பில் போடப்பட்டு, 1976இல்தான் வேறொரு சிறு நிறுவனத்தின் வழியாக வெளிவந்தது. ரஷ் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்குக் கட்டிய கம்பிகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்து வாசித்தார். மற்றவர்கள் மேலே தள்ளி வளைக்கும் மெல்லிய கம்பியை அவர் கீழே இழுத்து வளைத்தார். ஆல்பர்ட் கிங்கும் அப்படித்தான். அந்த இழுப்பில் ஒரு கனம் இருக்கிறது. ஜூலையில் ஆல்பர்ட் கிங்கின் 1967ஆம் ஆண்டு ஆல்பமான 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' கேட்டபோது, மார்ச் கூட்டத்துக்கு வந்தவர்கள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள்.

ஏப்ரல் கூட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ராபர்ட் ஜான்சன் 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லாஸிலும் பதிவு செய்தவை 29 பாடல்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 27 வயதில், மிசிசிப்பியில் இறந்துபோனார். உலகம் அவரை அறிந்தது 1961இல் வந்த நீள்இசைத்தட்டின் வழியாக. நம் உறுப்பினர் ஒருவர் நாற்சந்தியில் நள்ளிரவில் சாத்தானுக்கு உயிரை விற்று வித்தை வாங்கிய கதையோடு பேச்சைத் தொடங்கினார். அன்று நான் கொஞ்சம் சூடாகவே மறுத்துப் பேசினேன். கூட்டக் குறிப்பில் இருப்பதால் இங்கேயும் சொல்கிறேன். அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற இன்னொரு கலைஞரைப் பற்றி அவருடன் பிறந்தவர் சொன்னது. ராபர்ட்டுக்கு ஐக் ஜிம்மர்மன் என்ற வாத்தியார் இருந்தார். இரவில் இடுகாட்டில் உட்கார்ந்து இருவரும் பயிற்சி செய்ததாகச் சொல்வார்கள். தொந்தரவில்லாத இடம் அதுதான். ஒரு கறுப்பின இளைஞன் விரல் தேயச் சாதகம் செய்து பெற்றதைச் சாத்தான் கொடுத்தான் என்று சொல்வது அந்த உழைப்பை அவனிடமிருந்து பறிப்பது. வட்டத்தின் வெளியீடுகளில் இனி அந்தக் கதையை முன்னே வைக்க வேண்டாம் என்று அன்றே முடிவானது. சாத்தான் கதையோடு வந்த உறுப்பினரே அதை வழிமொழிந்தார்.

மே மாதம் மின்வெட்டு. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் வைத்து முடித்து, ஆல்பத்தைப் போடப்போகும் நேரத்தில் தெருவே இருண்டது. மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கொண்டுவந்திருந்த உறுப்பினர், கொஞ்சம் தயங்கிவிட்டு, தன் கிட்டாரை எடுத்து அவருடைய பாணியில் வாசித்துக் காட்டினார். கட்டைவிரல் தடித்த கீழ்ச்சுரக் கம்பிகளில் தாளம்போல மாறி மாறி விழ, மற்ற இரண்டு விரல்கள் பாட்டை எடுத்துச் செல்லும். ஒருவர் வாசிக்க இருவர் வாசிப்பதுபோலக் கேட்கும். ஹர்ட் 1928இல் சில இசைத்தட்டுகள் பதித்துவிட்டு ஊர் திரும்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் விவசாயக் கூலியாக வாழ்ந்தவர். 'அவலான் ப்ளூஸ்' என்ற அவருடைய பாட்டில் சொந்த ஊரின் பெயர் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 1963இல் ஒரு ரசிகர் அவலானுக்கே போய்த் தேட, அங்கேயே இருந்தார். அதன்பிறகு மூன்றே ஆண்டுகள். ஆனால் அந்த மூன்று ஆண்டுகளில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடைவரை வந்துவிட்டார். இருட்டில் கேட்ட அந்தக் கூட்டம்தான் இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் என்று கருத்துப் படிவங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள்.

ஜூனில் ஸ்டீவி ரே வானின் 'டெக்சாஸ் ஃப்ளட்'. கூட்டம் நிரம்பி வழிந்தது.

ஆகஸ்டில் நம் விதிக்கே சோதனை வந்தது. மெம்ஃபிஸ் மின்னியைத் தேர்ந்தெடுத்த உறுப்பினர், "இவர் காலத்தில் ஆல்பம் ஏது? ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் ஓடும் தட்டுகள்தானே" என்றார். அவர் சொன்னது நியாயம். அன்று தனித்தனிப் பாடல்களாகவே கேட்டோம். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றி அவரும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929இல் பதித்த 'வென் த லெவீ பிரேக்ஸ்' ஓடும்போது, பாடும் குரலைவிட அடியில் ஓடும் மின்னியின் கிட்டாரைத்தான் எல்லோரும் கவனித்தோம். பிற்காலத்தில் ஒரு ராக் குழு உலகப் புகழாக்கிய பாட்டு அது. மூலத்தை அன்றுதான் முதன்முறையாகக் கேட்கிறோம் என்று கை தூக்கியவர்கள் அறையில் பாதிப் பேர். பதினோரு மாதத்தில் ஒரே ஒரு பெண் கலைஞர்தான் வந்தார் என்பது எனக்கு உறுத்துகிறது. கிட்டார் வாசித்துப் பாடிய சிஸ்டர் ரொஸெட்டா தார்ப்பை யாருமே எழுதித் தரவில்லை.

செப்டம்பர் 16 பி.பி. கிங்கின் நூற்றாண்டு. 1925இல் மிசிசிப்பியில் இட்டா பீனாவுக்கு அருகே, பிறர் நிலத்தில் விளைச்சல் பங்குக்குப் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். நாம் கேட்டது 'லைவ் அட் த ரீகல்'. 1964 நவம்பர் 21 அன்று சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவானது, 35 நிமிடம்கூட முழுதாக இல்லை. வீணை கற்ற நம் துணைத்தலைவர் அன்று சொன்ன மூன்று விஷயங்களைப் பதிய விரும்புகிறேன். ஒன்று, ப்ளூஸ்காரர்கள் அடிப்படையாக வைத்திருக்கும் ஐந்து சுர வரிசை நம் சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்களேதான். ஆனால் அவர்கள் காந்தாரத்தை, அதாவது 'க' சுரத்தை, ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. சாதாரண காந்தாரம் என்ற தாழ்ந்த 'க'வில் தொடங்கி, அந்தர காந்தாரம் என்ற உயர்ந்த 'க'வை எட்டாமல், நடுவில் எங்கோ கம்பியை வளைத்து நிறுத்துகிறார்கள். ப்ளூஸின் வலி அந்த நடுவில்தான் இருக்கிறது. இரண்டு, கிங் பாடும்போது வாசிப்பதில்லை. பாடி முடித்த இடத்தில் கிட்டார் பதில் சொல்கிறது, கச்சேரியில் பாடகருக்குப் பின்னால் வயலின் வருவதுபோல. இங்கே இரண்டும் ஒரே ஆள். மூன்று, அந்த நடுங்கும் சுரம். உறவினரான புக்கா வைட் கம்பியில் ஸ்லைடு என்ற குழாயை வைத்து இழைப்பதைக் கேட்டு, அது தனக்குக் கைவராததால் இடது கையையே அசைத்து அந்த ஒலியைத் தேடினார் கிங். கைவராத ஒன்றைத் தேடிப் போய், ஒரே ஒரு சுரம் கேட்டாலே அவர்தான் என்று சொல்லிவிடக்கூடிய ஒலியை அடைந்தார். துணைத்தலைவர் வீணையில் அந்த அசைவை ஒரு கமகமாக வாசித்துக் காட்டியபோது அறையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அக்டோபரில் மடி வாட்டர்ஸின் 'ஃபோக் சிங்கர்'. 1964இல் வந்தது. மின் கிட்டாரால் சிகாகோவை அதிரவைத்தவர் அதைக் கீழே வைத்துவிட்டு, மரக் கிட்டாரோடு உட்கார்ந்து பாடிய ஆல்பம். அதில் அவருக்குத் துணையாக வாசித்த இளைஞரின் பெயர் பட்டி கை. நவம்பரில் அந்த இளைஞரிடமே வந்து சேர்ந்தோம். அவருடைய 1991ஆம் ஆண்டு ஆல்பமான 'டேம் ரைட், ஐ'வ் காட் த ப்ளூஸ்' அன்றைய தேர்வு. ஜன்னல் வலையிலிருந்து கம்பி உருவி வாத்தியம் செய்து தொடங்கிய அந்த லூசியானா பையன், இந்த ஜூலை 30இல், தன் 89ஆவது பிறந்தநாளன்று, 'எய்ன்ட் டன் வித் த ப்ளூஸ்' என்று இன்னும் ஓர் ஆல்பம் கொடுத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. நாம் கூடும் மாடி அறையின் வாடகை ஆண்டின் நடுவில், முன்னறிவிப்பில்லாமல் உயர்த்தப்பட்டது. உரிமையாளரிடம் பேசியும் பயனில்லை. மூன்று மாதம் இரு உறுப்பினர்கள் தங்கள் வீட்டுக் கூடத்தைத் தந்து காப்பாற்றினார்கள். இடது பக்க ஸ்பீக்கர் இன்னும் கரகரக்கிறது. பழைய தட்டுகளின் இரைச்சலோடு இதையும் சேர்த்துக் கேட்க வைத்ததற்குப் பொறுத்தருள வேண்டும். புதியது வாங்கப் பொருளாளர் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார், ஆதரியுங்கள்.

வரும் ஆண்டுக்கு என் கோரிக்கைகள் இரண்டு. குறைந்தது நான்கு மாதங்கள் பெண் கிட்டார் கலைஞர்களுக்கு இருக்க வேண்டும். பட்டி கையோடு நம் பட்டியல் நின்றுவிடவும் கூடாது. 1999இல் கிளார்க்ஸ்டேலில் பிறந்த கிறிஸ்டோன் இங்கிராம், கிங்ஃபிஷ் என்று அழைக்கப்படுபவர், தன் வட்டாரத் தொலைபேசிக் குறியீட்டையே பெயராக வைத்த '662' என்ற ஆல்பத்துக்கு கிராமி விருது வாங்கியிருக்கிறார். மடி வாட்டர்ஸ் வளர்ந்ததும் அதே மண்ணில்தான். ஜனவரி கூட்டத்துக்கு அந்த ஆல்பத்தை நானே கொண்டுவருகிறேன்.

இரண்டாம் சனிக்கிழமை மாலை ஐந்து மணி. சரியாக ஐந்துக்கு முதல் பாட்டு தொடங்கிவிடும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுத் தருமாறு கேட்டுக்கொண்டு, வரவுசெலவைப் படிக்கப் பொருளாளரை அழைக்கிறேன்.